சின்னராஜ் சாப்பிடாத தீவு

என் வீட்டுக்காரர் சின்னராஜ் இத்தாலியைச் சேர்ந்த சார்டினியா தீவில் பத்தொன்பது நாள் இருந்தார். அந்தப் பத்தொன்பது நாளும் அவர் சாப்பிட்டது நான் கொடுத்தனுப்பிய ராகிக் களி. இது அவருக்குத் தெரியும், எனக்குத் தெரியும். வேறு ஒருவருக்கும் தெரியாது என்று மூன்று வருஷமாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஓசூர் சிப்காட்டில் கியர் செய்யும் கம்பெனி ஒன்றில் அவர் டூல் ரூம் ஃபோர்மேன். அறுபது பேரை மேய்க்கிறவர். அந்தத் தீவிலிருந்து கம்பெனி ஒரு மெஷின் வாங்கியது. கப்பலில் ஏற்றும் முன் நேரில் போய் ஓட்டிப் பார்த்து, சரியாக இருக்கிறது என்று கையெழுத்துப் போட ஆள் வேண்டும். போக வேண்டிய மேலதிகாரிக்கு முதுகு பிடித்துக்கொண்டதால் இவரை அனுப்பினார்கள். நான் என் பங்குக்கு ஏழு கிலோ ராகி மாவு, கொள்ளுப் பொடி, புளிக்காய்ச்சல், ஒரு குட்டி எலக்ட்ரிக் குக்கர் எல்லாவற்றையும் பெட்டியில் அடுக்கினேன். களி கிண்டக் கோல் வேண்டுமே என்றபோது, அவரே ஒரு புதுச் சுத்தியல் கைப்பிடியைக் கழுவி எடுத்து வைத்துக்கொண்டார். திரும்பி வந்தபோது மாவு டப்பாவைக் கவிழ்த்துத் தட்டினாலும் தூசி விழவில்லை. இதற்கு மேல் எனக்கு என்ன சாட்சி வேண்டும்?

கம்பெனி கேன்டீனில் நடந்ததோ வேறு. கரியப்பன் என்கிற வெல்டர், அங்கே சாப்பாடெல்லாம் எப்படி என்று சும்மா கேட்டிருக்கிறார். இத்தாலிக்கே போய்க் களி தின்றேன் என்று சொல்ல இவருக்கு வாய் வரவில்லை. அந்த ஊர்ப் பண்டங்களின் பெயர் இரண்டு மூன்றை எடுத்து விட்டிருக்கிறார். மறுநாள் ஐந்து பேர் கேட்டார்கள். ஒரே வாரத்தில் செம்மறிப் பால் சீஸ், தீயில் வாட்டிய பன்றிக்குட்டி என்று கதை வளர்ந்துவிட்டது. எங்கள் வீட்டு விசேஷங்களில்கூட, இலையில் உட்கார்ந்ததும் யாராவது ஒருவர் இத்தாலியில் இந்த நேரம் என்ன பரிமாறுவார்கள் என்று கேட்க, இவர் ஆரம்பித்துவிடுவார். யாருக்கு என்ன நஷ்டம் என்று நானும் விட்டுவிட்டேன். அதுதான் நான் செய்த தப்பு.

கதையை முழுசாக நம்பியவள் எங்கள் மகள் மேகலா. அப்பா சொன்னால் அவளுக்கு அதற்கு மேல் பேச்சில்லை. போன வைகாசியில் அவளுக்கும் ஹரீஷ்குமாருக்கும் கல்யாணம் ஆனது. மாப்பிள்ளை பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. தேனிலவுக்கு மாலத்தீவு போகலாம் என்று அவர் சொல்ல, இவள் சார்டினியாதான் என்று ஒற்றைக் காலில் நின்றாள். அந்தப் பையனும் சளைக்காமல், அங்கே எங்கெல்லாம் நன்றாகச் சாப்பிடலாம் என்று தேடித் தேடி நாற்பத்திரண்டு கடைகளைக் கட்டம் போட்டு, நட்சத்திரம் போட்டு எழுதி வைத்திருந்தார். இவள் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. எங்கள் அப்பா பத்தொன்பது நாள் தின்று தீர்த்த தீவு, அவர் எழுதித் தருவார், அதன்படி போனால் போதும் என்று புருஷனிடம் சொல்லிவிட்டு எங்களுக்குப் போன் போட்டாள்.

போனை வைத்ததும் இவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மாத்திரை போட மறந்தவர் போலச் சுவரோரம் உட்கார்ந்துவிட்டார். உண்மையைச் சொல்லிவிடுங்கள், மகள்தானே, சிரித்துவிட்டுப் போவாள் என்றேன்.

“அவ சிரிக்க மாட்டா சரசு,” என்றார். “பொறந்ததுல இருந்து ஒரு நாளு கூட என்னை நம்பாம இருந்ததில்ல. இப்ப புதுசா வந்த பையன் முன்னாடி எங்கப்பன் பொய்யன்னு அவ தலை குனியணுமா? அது மட்டும் என்னால முடியாது.”

அந்தக் குரலில் விளையாட்டு இல்லை. எனக்கும் மனசு கேட்கவில்லை. ஆகவே அந்த ஞாயிற்றுக்கிழமை நாங்கள் இரண்டு பேரும் உட்கார்ந்து, நாங்கள் சாப்பிடாத தீவில் எங்கே சாப்பிடலாம் என்று எழுதத் தொடங்கினோம்.

முதலில் போனில் தேடினார். ஒருவன் ஆஹா என்று எழுதிய கடையை அடுத்தவன் கழுவி ஊற்றியிருந்தான். அரை மணி நேரத்தில் அவருக்குத் தலை சுற்றியது. போனைத் தூக்கிப் போட்டுவிட்டு, “எனக்குத் தெரிஞ்சதை எழுதறேன்,” என்று பேனாவை எடுத்தார். அவருக்குத் தெரிந்ததெல்லாம் எது? சுற்றி எழுபது கிலோமீட்டரில் எங்கே என்ன ருசி என்பதுதான். அதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது.

முதலாவதாக எழுதியது: பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் சந்து. போர்டு இல்லாத கடை. புருஷன் பெண்டாட்டி இரண்டு பேர்தான். பெண்டாட்டி திட்டிக்கொண்டே பரிமாறினால் அதுதான் சரியான கடை. பன்னிரண்டரைக்குள் போய்விட வேண்டும், இரண்டரைக்கு மேல் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவார்கள். படித்துப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது, ஓசூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் இருக்கிற கடையேதான். அங்கே பஸ் ஸ்டாண்டு இருந்ததா என்று கேட்டேன். கோயில் இருந்ததாம். பஸ் ஸ்டாண்டை அடித்துவிட்டு மாதா கோயில் என்று மாற்றினோம்.

இரண்டாவது, தேன்கனிக்கோட்டை ரோட்டுக் கறிக்கடை. லாரிகள் வரிசையாக நிற்கும், புளியமரத்தடியில் மேசை. புளியமரத்தை நான் ஆலிவ் மரம் ஆக்கினேன். அதற்குக் கீழே, ஆறு மணிக்கு முன்னால் திரும்பிவிடவும், யானை வரும் என்று எழுதியிருந்தார். இத்தாலியில் ஏதுங்க யானை என்று நான் அடிக்கப் போனால் கையைப் பிடித்துக்கொண்டார். காட்டு ரோடு என்றால் எச்சரிக்கை சொல்லாமல் பிள்ளையை எப்படி அனுப்புவது என்கிறார். கால் மணி நேரச் சண்டைக்குப் பிறகு யானை காட்டு விலங்கு ஆனது.

மூன்றாவது காவேரிப்பட்டினம். பாலம் தாண்டி இடது கைப்பக்கம், மீன் வறுவல். நான்காவது பேரிகைச் சந்தை. சந்தை நாளில் வியாபாரிகள் எங்கே உட்கார்ந்து தின்கிறார்களோ அங்கேயே உட்கார வேண்டும், இரண்டாம் தடவை கேட்டு வாங்கினால்தான் நல்ல துண்டு விழும். ஊர்ப் பெயர்களை மட்டும் அடித்துவிட்டு, ஆற்றையும் சந்தையையும் அப்படியே விட்டோம். ஆறும் சந்தையும் இல்லாத ஊர் உலகத்தில் உண்டா?

இத்தோடு நிறுத்தியிருந்தால் பரவாயில்லை. எழுதிய ருசியில் மனுஷனுக்குத் தலைக்கேறிவிட்டது. கடைசியில், எந்தக் கடையிலும் என் பெயரைச் சொல், தனியாகக் கவனிப்பார்கள் என்று ஒரு வரி சேர்த்துவிட்டார். நான் பார்ப்பதற்குள் போட்டோ எடுத்து மகளுக்கு அனுப்பியும் விட்டார்.

ஆனியில் அவர்கள் கிளம்பினார்கள். அங்கே மதியம் ஒன்று என்றால் இங்கே சாயங்காலம் நாலரை. முதல் ஷிப்ட் முடிந்து இவர் வீட்டுக்கு வந்து முகம் கழுவுகிற நேரம். நானும் ரோஜாப் பண்ணையில் பூத் தரம் பிரிக்கிற வேலை முடிந்து வந்திருப்பேன். நாலரை அடித்தால் இவருக்கு வேறு வேலை ஓடாது. போனை வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

முதல் நாள், மாப்பிள்ளையின் பேச்சும் ஒருமுறை இருக்கட்டும் என்று அவர் ஐந்து நட்சத்திரம் போட்ட கடைக்குப் போயிருக்கிறார்கள். போய்ச் சேரும்போது மூன்றரை மணி. கதவு சாத்தியிருந்தது. இரவு எட்டுக்குத்தான் மறுபடி திறப்பார்களாம். இரண்டு பேரும் பிஸ்கட் தின்றார்கள். அப்பா அப்போதே எழுதியிருந்தாரே என்று மேகலா சொல்லிக் காட்டினாள்.

இரண்டாம் நாள் மாதா கோயிலுக்குப் பின்னால் போனார்கள். சந்து இருந்தது. சந்துக்குள் போர்டு இல்லாத கடை இருந்தது. உள்ளே ஒரு அம்மாள் புருஷனைத் திட்டிக்கொண்டே பரிமாறினாளாம். போட்டோ வந்தது. உருளைக்கிழங்கும் புதினாவும் உள்ளே வைத்து, ஓரத்தைக் கதிர் போலப் பின்னிய ஒரு பண்டம். பார்க்க நம் கொழுக்கட்டைதான். பக்கத்தில் அப்பளம் மாதிரி மெல்லிசாக ரொட்டி. அப்பா, இவ்வளவு ருசியாக நான் தின்றதே இல்லை என்று குரல் அனுப்பியிருந்தாள். இவர் மூச்சை விட்ட சத்தம் அடுத்த வீட்டுக்கே கேட்டிருக்கும்.

மூன்றாம் நாள் மலை ரோட்டில் லாரி நிற்கிற இடமாகப் பார்த்து வண்டியை நிறுத்தினார்கள். ஆலிவ் மரம் இருந்தது, அடியில் மேசை இருந்தது, அருமையான கறியும் இருந்தது. திரும்பி வரும்போது காட்டுப்பன்றி ஒன்று குட்டிகளோடு ரோட்டைக் கடந்ததாம். மாப்பிள்ளை அசந்துபோய், மாமா இதைக்கூட விடாமல் எழுதியிருக்கிறாரே என்றாராம். இவர் என்னைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். யானையை அடித்ததற்கு நான் மன்னிப்புக் கேட்க வேண்டும் போலிருந்தது.

அதற்கப்புறம்தான் வினை பிடித்தது. நான்காம் நாள் தேன் ஊற்றிய ஒரு பலகாரத்தின் போட்டோ வந்தது. உள்ளே சீஸ் வைத்துப் பொரித்தது, போளியைப் போல வட்டமாக இருந்தது. இவர் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, இதை நான் இரண்டு தின்றேன், மூன்றாவது திகட்டிவிட்டது என்றார். என்னிடம் சொல்கிறார், ஏழு கிலோ மாவு அளந்து கட்டிய என்னிடம். வாயைத் திறந்தேன், அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து மூடிக்கொண்டேன்.

ஐந்தாம் நாள் வீடியோவில் அழைப்பு வந்தது. மேகலா கடைசி வரியையும் விடவில்லை. ஏதோ ஒரு கடைக்காரரிடம் அப்பா போட்டோவைக் காட்டி, இவர் பெயர் சின்னராஜ், நான் மகள் என்று சொல்லியிருக்கிறாள். அந்த மனுஷன் உங்களோடு பேச வேண்டும் என்கிறார் என்று போனைத் திருப்பினாள். பெரிய மீசை, முன்னால் கட்டிய வெள்ளைத் துணி. இவர் பனியனோடு இருந்தவர் பதறி எழுந்து சட்டையை மாட்டினார். அவர் அங்கே நெஞ்சில் கை வைத்து “ராஜா, ராஜா” என்றார். இவர் இங்கே கும்பிட்டு, சௌக்கியமா, பிள்ளைகள் எல்லாம் நல்லா இருக்கிறார்களா என்றார். அவர் தன் பாஷையில் நீளமாக ஏதோ சொன்னார். இவர் ஒவ்வொன்றுக்கும் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். ஐந்து நிமிஷம் ஓடியது. முடிவில் இரண்டு பேருமே கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

அழைப்பு நின்றதும் யாருங்க அவர் என்று கேட்டேன்.

“யாருக்குத் தெரியும்,” என்றார். “ஆனா அவருக்கு என்னை நல்லா ஞாபகம் இருக்குது.”

மறுநாள் காலையில் நான் பண்ணையில் இருக்கும்போது மாப்பிள்ளை தனியாகப் போன் செய்தார். குரலைத் தாழ்த்தி, மாமா எழுதிய இரண்டாவது கடை தேன்கனிக்கோட்டை ரோட்டில் இருப்பதுதானே அத்தை என்றார். நிச்சயத்துக்கு முன்னால் இவரே மாப்பிள்ளையை அங்கே கூட்டிப் போய்க் கறி வாங்கிக் கொடுத்ததை நாங்கள் மறந்தே போயிருந்தோம். மாமா இங்கே எதுவும் சாப்பிட்டிருக்க மாட்டார் என்று எனக்குத் தெரிந்துவிட்டது, ஆனால் மேகலாவுக்குத் தெரியக்கூடாது, அப்பா மேல் உயிரையே வைத்திருக்கிறாள் என்றார். தங்கமான பையன். நான் சத்தியம் செய்து கொடுத்தேன்.

ஒரு மணி நேரம் கழித்து மேகலா கூப்பிட்டாள். அம்மா, இது நம்ம பேரிகைச் சந்தை, நம்ம காவேரிப்பட்டினம், அப்பா கதை விட்டிருக்கிறார் என்றாள். என்றைக்கடி தெரிந்தது என்றால், லிஸ்டைப் படித்த அன்றைக்கேவாம். உங்க மாப்பிள்ளைக்கு மட்டும் தெரியக்கூடாது, அப்பாவை லேசாக நினைத்துவிடுவார் என்று அவளும் சத்தியம் வாங்கினாள். கையிலிருந்த ரோஜாவைக் கட்டுக்குள் தலைகீழாக வைத்து சூப்பர்வைசரிடம் நான் திட்டு வாங்கியது அன்றைக்குத்தான். மூன்று பேரின் ரகசியத்தையும் ஒரே வயிற்றில் வைத்துக்கொண்டு ஒரு பெண்பிள்ளை எத்தனை நாள் இருக்க முடியும்? பதினோரு நாள் இருந்தேன்.

ஊர் திரும்பிய பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை இரண்டு பேரும் விருந்துக்கு வந்தார்கள். நான் கோழிக் குழம்பும் களியும் செய்திருந்தேன். சாப்பிட உட்கார்ந்த நிமிஷத்திலிருந்து இவர் பேச்சை நிறுத்தவில்லை. மாப்ள, அந்த மீன் கடையில் தலையைக் கேட்டு வாங்கினீர்களா என்கிறார். இல்லை மாமா, தெரியாமல் போய்விட்டது என்று அந்தப் பையன் வருத்தப்படுகிறார். அடடா, நான் அங்கே தினமும் தலைதான் என்கிறார். மேகலா ஆமாம்பா ஆமாம்பா என்று தட்டைப் பார்த்துக்கொண்டு சொல்கிறாள். கடைசியில், அடுத்த வருஷம் நாலு பேரும் சேர்ந்து போகலாம், நான் முன்னால் நின்று எல்லாம் வாங்கித் தருகிறேன் என்றார்.

கரண்டியைப் பாத்திரத்தில் போட்டேன். “ஏழு கிலோ ராகி மாவு,” என்றேன். “பத்தொன்பது நாளு. சுத்தியல் பிடியில கிண்டித் தின்னீங்க. போதும்.”

இவர் மகளைப் பார்க்கவே இல்லை. தன் தட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சொன்ன மறுகணமே என் நாக்கை அறுத்துப் போடலாம் போலிருந்தது.

“எனக்குத் தெரியும்பா,” என்றாள் மேகலா மெல்ல. மாப்பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு தனக்கும் தெரியும் என்றார். உடனே இரண்டு பேரும், உனக்கு எப்படித் தெரியும், உங்களுக்கு எப்படித் தெரியும் என்று ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு, பிறகு சேர்ந்து என்னைப் பார்த்தார்கள். நான் கூரையைப் பார்த்தேன்.

இவர் மூன்று முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். “அப்ப நான் ஒருத்தன்தான் நம்பிட்டு இருந்தனா?” என்றார்.

மேகலாவுக்குச் சிரிப்புப் பீறிட்டுக்கொண்டு வந்தது. மாப்பிள்ளைக்குப் புரையேறியது. தலையில் தட்டி, தண்ணீர் கொடுத்து, எல்லோரும் கண்ணைத் துடைத்து முடித்த பிறகு மேகலா நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, அவ்வளவு நல்ல சாப்பாடு இருக்கிற ஊரில் ஏன்பா ஒரு வாய் கூடச் சாப்பிடவில்லை என்று கேட்டாள். வெளிச் சாப்பாடு ஒத்துக்காது என்று பயந்திருப்பார் என்றுதான் நான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன்.

“மொத நாளே போனேன் பாப்பா,” என்றார். “கண்ணாடிக் கதவு. உள்ள மேசைக்கு மேசை வெள்ளைத் துணி. எல்லாரும் ஜோடி ஜோடியா உக்காந்திருக்கறாங்க. நான் கம்பெனி பேரு போட்ட சட்டையில நிக்கறேன். கதவுல கை வெச்சிட்டேன். உள்ள போயி யாரை என்னான்னு கேக்கறது, உக்காந்ததுக்கு அப்பறம் எழுப்பி உட்டுட்டா என்னா பண்றதுன்னு நெனச்சேன். திரும்பிட்டேன். மறுநாளும் போனேன். பத்தொம்போது நாளும் போனேன். வெளிய பேரெல்லாம் எழுதி மாட்டியிருப்பாங்க. அதைப் படிச்சிட்டு ரூமுக்கு வந்து களி கிண்டுவேன்.”

யாரும் சிரிக்கவில்லை. எனக்கு அழுகை வந்தது, மறைக்கவும் இல்லை. முப்பது வருஷமாக இந்த மனுஷனை நக்கல் செய்தே பிழைப்பை ஓட்டியிருக்கிறேன். இப்படி ஒரு கதவு வாசலில் தினம் ஒரு தடவை போய் நின்றிருக்கிறார் என்பது எனக்குத் தெரியாமல் போயிற்றே. மேகலா அவர் தட்டில் இன்னொரு களி உருண்டையை வைத்துக் குழம்பை ஊற்றினாள். அப்பா மேல் அவளுக்கு இருந்தது குறைந்திருந்தால் அது என் கண்ணுக்குத் தப்பியிருக்காது. கொஞ்சமும் குறையவில்லை.

அடுத்த சனிக்கிழமை மத்தியானம் இவரைக் கிளப்பினேன். பாகலூர் ரோட்டில் மாடியில் புதிதாக ஓர் இத்தாலிச் சாப்பாட்டுக் கடை வந்திருக்கிறது. நான் முன்னால் போகிறேன், நீங்கள் பின்னால் வந்தால் போதும், எந்த ராஜா எழுப்பி விடுகிறான் பார்க்கலாம் என்று வழியெல்லாம் வீரம் பேசினேன். படியில் விறுவிறுவென்று நான்தான் முதலில் ஏறினேன்.

மேலே கண்ணாடிக் கதவு. உள்ளே பிள்ளைகள் முள்கரண்டியைச் சுழற்றிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கதவோரம் நின்ற பெண் ஒருத்தி இங்கிலீஷில் ஏதோ கேட்டுச் சிரித்தாள். என் கால் நின்றுவிட்டது. சேலை கசங்கியிருக்கிறது, செருப்பு பழசு, நகத்தில் பண்ணைக் கறை போகவில்லை, எல்லாம் ஒரே சமயத்தில் ஞாபகம் வந்தது. திரும்பிவிடலாங்க என்று சொல்லத் திரும்பினேன்.

அவர் என் முகத்தைப் பார்த்தார். என் கையைப் பிடித்தார், தோளால் கதவைத் தள்ளினார், நடு மேசைக்குப் போய் உட்கார்ந்தார். என்னையும் உட்கார வைத்தார். கையை மட்டும் விடவில்லை. அந்தப் பெண் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று வந்து நின்றாள்.

“மொதல்ல தண்ணி குடும்மா,” என்றார் கடை முழுக்கக் கேட்கும்படி. “எங்க வீட்டம்மா பயந்துட்டாங்க.”